தேத்தண்ணீரில் போடும் சீனி அல்ல இது

சிறுநீர்த் தொற்றுக் கிருமி ‘சர்க்கரையைப் பிடித்துக்கொண்டு’ உள்ளே தங்குகிறது என்று நான் படித்த ஒரு கட்டுரையில் ஒரு வரி. அதைப் படித்துவிட்டு இங்கே மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என் பக்கத்து வீட்டு அக்கா தேத்தண்ணீரில் சீனியை நிறுத்திவிட்டார். (இனிப்புநீர் உள்ளவர், நிறுத்தியது நல்லதுதான். அது வேறு கதை.)

கட்டுரை சொல்வது மேனோஸ் என்ற சர்க்கரையை. சிறுநீர்ப்பையின் உட்சுவர் செல்களில் உள்ள யூரோபிளாக்கின் புரதத்தின்மேல் அது ஒட்டியிருக்கிறது. அந்தத் தொற்றுக் கிருமியான ஈ.கோலையின் உடம்பெங்கும் மயிர் போன்ற இழைகள். இழை நுனியில் ஃபிம்எச் என்ற புரதம். அதுதான் மேனோஸைக் கவ்வுகிறது. சிறுநீர் ஓடி இழுக்கும்போது இந்தப் பிடி தளர்வதில்லை, இன்னும் இறுகுகிறது! எனக்கு வியப்பே அதுதான்.

உடம்பும் சும்மா இல்லை. சிறுநீரகம் சுரக்கும் யூரோமாடுலின் புரதத்திலும் மேனோஸ் உண்டு. ஏமாந்து அதைக் கவ்விய கிருமி சிறுநீரோடு வெளியே போய்விடும். அடக்கி வைத்தால் எப்படிப் போகும்? என் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்தில் மர நிரையில் கழிப்பறை ஏது? மதியம் வரை அடக்கிக்கொண்டு, அதற்குப் பயந்தே தண்ணீரும் குடிக்காமல் இருப்பார்.

அப்புறம், பார்மசியில் விற்கும் மேனோஸ் பொடி. அதுவும் கிருமியை ஏமாற்றும் யோசனைதான். ஆனால் பிரிட்டனில் அடிக்கடி தொற்று வரும் 598 பெண்களை வைத்துச் செய்த ஆய்வு 2024இல் வெளிவந்தது. ஆறு மாதம் தினமும் குடித்தும், மேனோஸ் இல்லாத போலிப் பொடி குடித்தவர்களைவிடக் குறிப்பிடத்தக்க பயன் இல்லை. அக்காவிடம் சொன்னேன். ஏற்கெனவே இரண்டு டப்பா வாங்கிவிட்டாராம்.