க்யூஆர் கோடு ஒட்டியாச்சு. சரி, அப்புறம்?

சனிக்கிழமை கோத்தோங் ரோயோங் (எல்லோரும் சேர்ந்து செய்யும் துப்புரவு வேலை) முடிந்ததும் நடந்த கூத்து உங்களில் பாதிப் பேருக்கு நேரிலேயே தெரியும். மீதிப் பேர் குழுவில் வந்த ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்திருப்பீர்கள். கொசுவால் வரும் டிங்கிக் காய்ச்சலைப் பற்றிச் சொல்ல க்யூஆர் கோடு மட்டும் ஒட்டியிருந்தார்கள்; தமிழில் ஒரு தாளும் அச்சடிக்கலாமே என்று நான் கேட்டேன். "எல்லாம் வெப்சைட்ல இருக்குக்கா, ஸ்கேன் பண்ணா வந்துடும். படிக்காதவங்களுக்கு நாம என்ன செய்ய முடியும்?" என்று அந்தத் தம்பி கேட்டதற்கு நான் கத்தியது தப்பு. கத்தியது மட்டும்தான் தப்பு.

வெப்சைட்டில் போட்டுவிட்டால் ஊருக்குச் சொன்னதாக ஆகிவிடாது.

தளங்களைக் குறை சொல்லவில்லை. மலேசியச் சுகாதார அமைச்சின் மைஹெல்த் நல்ல தளம், நானே பார்ப்பதுண்டு. டிங்கி பரவும் இடங்களைக் காட்டும் ஐடெங்கி தளத்தில் மேப்கூட இருக்கிறது. ஆனால் அதில் நம் தாமான் (குடியிருப்பு) ஹாட்ஸ்பாட் என்று வர வேண்டுமானால், இங்கே டிங்கி பரவி 30 நாளைத் தாண்டியிருக்க வேண்டும். அதுவரை மேப்பைப் பார்த்துக்கொண்டு உட்காரலாமா?

என் பெரியம்மா கதையை எத்தனை முறை சொல்வது என்று அலுத்துக்கொள்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். பால்மரம் வெட்டியே காலத்தை ஓட்டியவர். ரப்பர் பேண்ட் சுற்றிய பட்டன் போன். மூன்று நாள் காய்ச்சல், உடம்பெல்லாம் வலி. பக்கத்து வீட்டில் நல்ல மனசோடு இபுபுரோஃபென் கொடுத்தார்கள். டிங்கி என்று சந்தேகம் வந்தாலே அதைத் தொடக்கூடாது, பாராசிட்டமால்தான். நாலாம் நாள் காய்ச்சல் இறங்கியது. குளித்தார், ரசம் வைத்தார், நாங்களும் நிம்மதியாகிவிட்டோம். டிங்கியில் ஆபத்து தொடங்குவதே பல பேருக்குக் காய்ச்சல் இறங்கும்போதுதான். அன்று ராத்திரி வயிற்றுவலி, வாந்தி, பல் ஈறில் ரத்தம். அஞ்சு நாள் வார்டில் கிடந்து பிழைத்து வந்தார். இந்த விவரமெல்லாம் அன்றைக்கும் இணையத்தில் இருந்தது. என் போன் என் கையில்தான் இருந்தது. படித்தவள் நானே திறந்து பார்க்கவில்லை, பெரியம்மாவா பார்ப்பார்?

"இந்தக் காலத்துல போன் இல்லாதவன் யாரு?" என்று ஒருவர் வருவார், தெரியும். 2024-லும் உலகத்தில் சுமார் 260 கோடிப் பேருக்கு இணையம் கிடையாது என்று உலகத் தொலைத்தொடர்பு ஒன்றியமே அந்த ஆண்டு சொன்னது. அதை விடுங்கள். நம் ஊரில் போன் இருக்கிறது, மாசக் கடைசியில் டேட்டா இருக்காது. செம்பனைத் தோட்டத்துக்குள்ளே போனால் லைனும் கிடையாது.

"வசதியில்லாத நாடுகளே வெப்சைட்டை நம்பித்தானே ஓடுது, அச்சடிக்க ஏது காசு?" என்று இன்னொருவர். எல்லா நாடும் அப்படி விட்டுவிடவில்லை ஐயா. தென்னாப்பிரிக்காவில் 2014-லேயே மாம்கனெக்ட் என்று தொடங்கி, கர்ப்பிணிகளுக்குச் சாதாரண எஸ்எம்எஸ்ஸில் செய்தி அனுப்பினார்கள். நாட்டின் அப்போதைய 11 ஆட்சிமொழிகளிலும். இங்கே தமிழில் ஒரு ஏ4 தாள் கேட்டால் நான் சண்டைக்காரி.

அந்தக் காலத்தில் விடியற்காலைப் பிரட்டில் (வேலைக்கு முன் ஆட்களைக் கணக்கெடுக்கும் கூட்டத்தில்) தோட்டத்து எச்.ஏ. (மருத்துவ உதவியாளர்) நின்று சொல்வார், கங்காணி அதையே இன்னும் சத்தமாகச் சொல்வார். வேலைக்குப் போகிற அத்தனை காதிலும் விழும். அது பொற்காலம் என்று நான் பாட வரவில்லை, லயத்துக் கக்கூஸை நினைத்தால் இப்போதும் குமட்டுகிறது. ஆனால் சொல்ல வேண்டியதை வாயால் சொன்னார்கள்.

இப்போது? தீபாவளிக்கு வாழ்த்துப் பதாகை பத்தடிக்குத் தமிழில் வரும். கோயில் திருவிழா நோட்டீஸ் பளபளவென்று ஆர்ட் பேப்பரில் வரும், உபயதாரர் படம் எட்டு. அதற்கெல்லாம் காசு எங்கிருந்து வந்தது என்று எவரும் கேட்பதில்லை. கொசுத் தொட்டியைத் தேய்த்துக் கழுவச் சொல்ல, ஏடிஸ் முட்டை காய்ந்த தொட்டியிலும் மாசக்கணக்கில் உயிரோடிருக்கும் என்று சொல்லத்தான் காசில்லை. இதைக் கேட்டதற்கு "பழைய ஆளு, மாறமாட்டாங்க" என்று குழுவில் சிரிப்புப் பொம்மை போட்டவர்களில் மூன்று பேர் என்னிடம் டியூஷன் படித்தவர்கள். பார்த்தேன். பரவாயில்லை.

அட்டையில் நானே மார்க்கரால் எழுதி ஒட்டுக்கடையில் (சாலையோரச் சாப்பாட்டுக் கடையில்) மாட்டியிருக்கிறேன். எழுத்துப்பிழை இருந்தால் சொல்லுங்கள், திருத்துகிறேன். இதையும் ஸ்கிரீன்ஷாட் எடுப்பவர்கள் இந்த முறையாவது பாதியில் வெட்டாமல் முழுசாகப் போடுங்கள்.