தாடையில் 'டக்' சத்தமா? இழுத்து நெட்டி முறிக்காதீர்கள்

"வாயைத் திறக்கும்போது டக்கென்று சத்தம் வந்தால் தாடை மூட்டு தேய்ந்துவிட்டது, தாடையைப் பிடித்து ஒரே இழுப்பு இழுத்தால் சரியாகிவிடும்" என்று வேலூர், காட்பாடிப் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

காதுக்கு முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடிப் பாருங்கள். எலும்பு உருண்டு நகர்வது தெரியும். அந்த மூட்டுக்குள் மெத்தைபோல ஒரு வட்டு உண்டு. அது சற்று முன்னால் நழுவி, வாய் திறக்கையில் மறுபடி இடத்தில் உட்கார்வதுதான் பெரும்பாலும் அந்தச் சத்தம். வலியில்லையென்றால் வைத்தியமே வேண்டாம்.

வலி இருந்தால் சில வாரம் முறுக்கும் சூயிங்கமும் வேண்டாம். குழைந்த சோறும் இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய்க் குழம்பும் போதும் (தண்டனை ஒன்றுமில்லை!). வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள், கொட்டாவியை அடக்கி விடுங்கள். தூக்கத்தில் பல் கடிப்பவர்களுக்குப் பல் மருத்துவர் இரவில் பல்லில் மாட்டிக்கொள்ளும் உறை தருவார். அறுவைச் சிகிச்சை வெகு சிலருக்கே.

மூன்று விரல் நுழையுமளவு வாய் திறக்கவில்லையா? பல் மருத்துவரிடம் காட்டுங்கள். இழுப்பது வட்டையும் தசைநாரையும் இன்னும் கெடுக்கலாம். தாடை வலியோடு நெஞ்சு இறுக்கமும் வியர்வையும் இருந்தால் அது மூட்டல்ல, மாரடைப்பாக இருக்கலாம்: உடனே 108.