பெயின்ட் வாளி சாம்ராஜ்யம்

எதிர்வீட்டுக்காரர் தன் கேட்டுக்கு வெளியே, பொது ரோட்டில், பழைய பெயின்ட் வாளியில் சிமென்ட் கொட்டி நடுவில் துருப்பிடித்த பைப்பை நட்டு வைத்திருக்கிறார். அவரிடம் கார் கிடையாது. இருக்கிற ஸ்கூட்டரும் உள்ளேதான் நிற்கும். நேற்று அரிசி மூட்டையை இறக்க இரண்டு நிமிஷம் வண்டியை ஓரம் கட்டினேன். மாடியிலிருந்தே குரல்: “சார், அது நம்ம இடம்!”

புலி மரத்தில் சிறுநீர் பீய்ச்சி எல்லை குறிக்கும். வாடை மங்கினால் திரும்ப வந்து புதுப்பிக்க வேண்டும். பாவம், அதற்கு சிமென்ட் கிடைக்கவில்லை. பல பறவைகள், பக்கத்து எல்லைப் பறவை பழகிவிட்டால் அவ்வளவாகச் சண்டைக்குப் போகாது. இவருக்கும் எனக்கும் 11 வருஷப் பழக்கம். சரி, போகட்டும். தெருநாய் கறுப்பன் தினமும் காலையில் அந்த வாளியில்தான் காலைத் தூக்குகிறான்.