முன்பணமும் முன்னறிவிப்பும்

(சிங்கப்பூரின் தெம்பனிஸ் வட்டாரத்தில், அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் கீழ்த்தளத்தில் இயங்கும் பாலர் பள்ளி. அலுவலக மேசையின் இந்தப் பக்கம் தந்தை; அந்தப் பக்கம் நிர்வாகி.)

தந்தை: வணக்கம் மேடம். நாங்கள் உட்லண்ட்ஸ் பக்கம் வீடு மாறுவதால், மகனை இந்த மாதக் கடைசியோடு நிறுத்திக்கொள்கிறோம். 2024இல் அவனைச் சேர்த்தபோது ஒரு மாத முன்பணமாகக் கட்டிய 680 வெள்ளியை இன்றைக்கே கொடுத்துவிட்டால் எனக்கு அலைச்சல் மிச்சம்.

நிர்வாகி: திருப்பித் தருவோம், சார். ஆனால் விலகுவதை ஒரு மாதம் முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று நம் ஒப்பந்தத்தில் இருக்கிறது. இன்று இருபதாம் தேதி ஆகிவிட்டதால், குறைகின்ற நாள்களுக்கான கட்டணத்தை முன்பணத்திலிருந்து கழித்துக்கொள்வோம்.

தந்தை: என் மகன் சேர்ந்த நாளிலிருந்தே, காலை ஏழரை மணிக்கு உங்கள் வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு, 'நாளைக்கு வரமாட்டேன்' என்று புளோக் முழுவதற்கும் கேட்கும்படி அறிவித்துக்கொண்டுதானே இருக்கிறான்?

நிர்வாகி: அது வாய்மொழி. எங்களுக்கு எழுத்தில் வேண்டும்.

தந்தை: தூங்கும் அறைச் சுவரில் பச்சைக் கிரேயானால் எழுதியும் வைத்திருக்கிறானே!

நிர்வாகி: ஓ, அது அவன்தானா? அப்படியானால் சாயம் பூசும் செலவையும் சேர்த்துக் கழிக்க வேண்டியிருக்கும்.

தந்தை: (அவசரமாக) அது வேறு பிள்ளையாக இருக்கும், மேடம். இவனுக்கு எழுதவே வராது.

நிர்வாகி: ஆக, எழுத்தில் அறிவிக்கவில்லை என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள்.

தந்தை: சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி வரை வழக்குத் தொடுக்கலாம் என்பது எனக்கும் தெரியும்!

நிர்வாகி: தாராளமாகத் தொடுங்கள். அங்கே வழக்கறிஞர் வைத்துக்கொள்ள அனுமதி இல்லாததால், ஒப்பந்தத்தைப் படித்தீர்களா என்று கேட்டால் நீங்களேதான் பதில் சொல்ல வேண்டும்.

தந்தை: (சற்றுப் பொறுத்து) எழுத்து பொடிப்பொடியாக இருந்தது, கையில் கண்ணாடியும் இல்லை. சரி, கழித்தது போக மிச்சத்தைக் கொடுங்கள். முதல் வேலையாக ஒரு கண்ணாடி வாங்கிக்கொள்கிறேன்.

நிர்வாகி: மிச்சம் உங்கள் கைக்கு வராது, சார். முன்பணத்தை மகனின் சிடிஏ எனும் பிள்ளை மேம்பாட்டுக் கணக்கிலிருந்து கட்டியிருக்கிறீர்கள். அது அந்தக் கணக்குக்கே திரும்பிப் போகும்.

தந்தை: அந்தக் கணக்கில் நான் பணம் போட்டதால்தானே அரசாங்கமும் வெள்ளிக்கு வெள்ளி போட்டது?

நிர்வாகி: போட்டது நீங்கள், கணக்கு அவனுடையது. பாலர் பள்ளி, மருந்தகம், மூக்குக்கண்ணாடிக் கடை என்று அனுமதி பெற்ற இடங்களில் அதைச் செலவழிக்கலாம்.

தந்தை: கண்ணாடிக் கடையா? அதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா!

நிர்வாகி: அவனுக்கோ அவனுடைய உடன்பிறப்புகளுக்கோ மட்டும்தான், அப்பாவுக்குக் கிடையாது. இதோ விலகல் படிவம். கீழே பொடி எழுத்தில் இருப்பதை நான் படித்துக்காட்டட்டுமா?

தந்தை: எனக்கு எதற்கு மேடம்? பணம் அவனுடையது என்றால், படித்துக்காட்டுவதையும் அவனிடமே செய்யுங்கள். கையெழுத்தையும் அவனே போடட்டும்.

நிர்வாகி: அவனுக்குத்தான் எழுதவே வராது என்றீர்களே?

தந்தை: பச்சைக் கிரேயானைக் கொடுத்துப் பாருங்கள்!