ஏசிக்கு நேர் கீழே இல்லாத ஒரு நாற்காலி

எனக்குச் சிக்கிள் செல் என்கிற பரம்பரை ரத்த நோய் இருக்கிறது என்று தெரிந்ததும் நான் வேலை பார்க்கிற ஜவுளிக்கடையில் எல்லாரும் பிரியமாகத்தான் பேசினார்கள். பழம் வாங்கி வந்தார்கள். கோயில் விபூதி கொடுத்தார்கள். ஆனால் பில்லிங்கை விட்டு எழுந்து தண்ணீர் குடிக்கவும் பாத்ரூம் போகவும் மட்டும் பழையபடி சூப்பர்வைசர் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. அந்தக் கோபத்தில்தான் இதை எழுதுகிறேன்.

நான் கூடலூர்க்காரி. படிக்கப் பாளையங்கோட்டை வந்து, வேலையும் கல்யாணமும் இங்கேயே அமைந்துவிட்டது. இந்தியாவில் இந்த நோயை முதலில் கண்டு எழுதியதே 1952-இல், எங்கள் நீலகிரி மலை மக்களிடம்தான். அங்கே ‘சிக்கிள்’ என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இங்கே ஒவ்வொருவரிடமும் ஆனா ஆவன்னாவிலிருந்து தொடங்க வேண்டும். “தொத்துமா?” என்பதுதான் முதல் கேள்வி. தொற்றாது. அப்பா அம்மா இருவரிடமிருந்தும் அந்த மரபணு வந்தால்தான் இந்த நோய் வரும்.

இந்த நோய் இருந்தால், வழுக்கிக்கொண்டு ஓட வேண்டிய சிவப்பணு, ஆக்சிஜன் குறைந்தால் வளைந்து விறைத்துப்போகும். சின்ன ரத்தக்குழாயில் போய் அடைத்துக்கொள்ளும். அதற்கு அந்தப் பக்கம் ரத்தம் போகாது, வலி தொடங்கிவிடும். எனக்குப் பெரும்பாலும் தொடை எலும்பிலும் இடுப்பிலும் வரும். நல்ல சிவப்பணு சுமார் 120 நாள் இருக்கும். எங்களுடையது 10 முதல் 20 நாளில் உடைந்துவிடும். அதனால் வலி இல்லாத நாளிலும் சோகையும் அலுப்பும் கூடவே இருக்கும்.

வலியைக் கிளப்பிவிடுவது எது? உடம்பில் தண்ணீர் வற்றுவது, குளிர், வெயிலிலிருந்து சட்டென்று குளிருக்குள் போவது, காய்ச்சல், அதிக அலுப்பு. இப்போது ஒரு ஜவுளிக்கடையை நினைத்துப் பாருங்கள். மே மாதம் வண்ணார்பேட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கி, வெயிலில் நடந்து, வேர்த்து விறுவிறுத்து உள்ளே நுழைந்தால் தலைக்கு மேலேயே ஏசி. தீபாவளி நேரத்தில் சாப்பாடே நாலு மணிக்கு, இதில் தண்ணீருக்கு எங்கே போக? எழுந்தால் வரிசை நிற்கும் என்று தண்ணீரையே குறைத்துக்கொள்கிறோம். இது எனக்கு மட்டும் இல்லை, கடையில் நிற்கிற எல்லாப் பெண்களும் செய்வதுதான். அவர்களுக்கு நீர்க்கடுப்பு வரும், எனக்கு ஆஸ்பத்திரி படுக்கை.

குற்றாலத்தில் சாரல் விழுந்தால் ஒரு நாள் வேன் பிடித்து எல்லாரும் போவோம். நான் ஐந்தருவியில் துணிமணிக்குக் காவல் இருப்பேன். “குற்றாலம் வந்து குளிக்காம போற ஒரே ஆளு நீதான் பிள்ள” என்று கேலி செய்வார்கள். செய்யட்டும். அந்தக் குளிர்ந்த தண்ணீர் என் எலும்பை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். வடையும் மங்குஸ்தானும் எனக்குப் போதும்.

பெரிய அண்ணாச்சியிடம் ஒருநாள் துணிந்து கேட்டேன். “லீவு கேக்கல அண்ணாச்சி. ஏசிக்குக் கீழ இல்லாத கவுண்டரா மாத்திக் குடுங்க. தண்ணி பாட்டில பக்கத்துல வச்சுக்கிடுதேன்.” கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “இவ்வளவுதானா?” என்றார். ஆமாம், இவ்வளவுதான். ஒரு ரூபாய் செலவு இல்லை. அதற்கப்புறம் வலியே வரவில்லை என்று சொல்லமாட்டேன். இப்போதும் வருகிறது, ஆனால் ஏசிக்குக் கீழே உட்கார்ந்திருந்தபோது வந்தது போல அடிக்கடி இல்லை. வலி அடிக்கடி வராமலிருக்க தினமும் ஹைட்ராக்ஸியூரியா என்ற மாத்திரை போடுகிறேன். அதற்கு அவ்வப்போது ரத்தம் எடுத்து அணுக்களின் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். ஓபி காலையில்தான் என்பதால் அந்த அரை நாளும் முன்கூட்டியே பேசி வைத்ததுதான்.

சட்டம் இல்லாமலில்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் எங்கள் நோயும் உண்டு. ஆனால் அதே சட்டம் அரசு வேலைக்கு ஒதுக்கும் 4 சதவீதத்தில் ரத்த நோய்க்காரர்கள் கிடையாது. சான்றிதழ் உண்டு, வேலை ஒதுக்கீடு இல்லை. இது எந்த ஊர் நியாயம்? தொழிலாளர் காப்பீடான இஎஸ்ஐ-யில் நோய்க்கால உதவித்தொகை இருக்கிறது, ஆனால் புதிதாக நோயில் விழுந்தால் முதல் இரண்டு நாளுக்குக் கிடையாது. எங்கள் வலி பல தடவை இரண்டே நாளில் அடங்கிவிடும். அந்தச் சம்பளம் போனது போனதுதான்.

2021-இல் தமிழ்நாட்டில் கடை ஊழியர்களுக்கு இருக்கை கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டத் திருத்தம் வந்தது. நின்று நின்று கால் வீங்கிய எல்லாருக்குமாக வந்ததுதான், ஆனால் அதில் எனக்கும் ஒரு நாற்காலி கிடைத்தது. தண்ணீருக்கும் பாத்ரூமுக்கும் அப்படியே எல்லாருக்குமாகக் கேட்டால், நோயை வெளியே சொல்லக் கூச்சப்படுகிற பிள்ளைகளும் பிழைத்துக்கொள்வார்கள்.

ஊரிலிருந்து தங்கச்சிமார் போன் போட்டு, “இன்டர்வியூவில் சொல்லணுமாக்கா?” என்று கேட்கிறார்கள். என் அபிப்பிராயம், கேட்டால் மறைக்காதே, கேட்காவிட்டால் வேலையில் சேர்ந்த பிறகு ஒரே ஒருவரிடம் சொல். அது பக்கத்து சீட்டுக்காரியாக இருக்கட்டும். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், கடும் காய்ச்சல் என்றால் வீட்டுக்கு அனுப்பாமல் நேராக ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகச் சொல்லிவை. மருந்துச் சீட்டு எந்தப் பையில் இருக்கிறது என்பதையும் காட்டிவிடு.