எச்சில் சோறும் கிரகணமும்

போன ஞாயிறு செந்தூலில் தங்கச்சி வீட்டில் பசியாறிக்கொண்டிருந்தோம். அவளுக்கு இது மூன்றாம் மாதம். மூத்தவனுக்கு இரண்டரை வயது, தாஸ்காவுக்கு, அதாவது பிள்ளை பராமரிப்பு மையத்துக்குப் போகிறான், வருஷம் பூரா மூக்கு ஒழுகல். பாதி மென்ற ரொட்டி சானாயை எடுத்து அம்மா வாயில் திணிக்கிறான். அவளும் வாங்கிக்கொள்கிறாள். அதே மேசையில் அவள் மாமியார், "அன்னாசி தொடாதே, பப்பாளி பக்கமே போகாதே" என்று பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

எனக்குப் பயம் பப்பாளியைப் பார்த்து இல்லை. அந்த எச்சிலைப் பார்த்துத்தான்.

சைட்டோமெகலோவைரஸ், சுருக்கமாக சிஎம்வி. சின்னப் பிள்ளைகளின் எச்சிலிலும் மூத்திரத்திலும் மாதக்கணக்கில் இருக்கும். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் வந்ததே தெரியாது. ஆனால் கர்ப்பிணிக்குத் தொற்றி நஞ்சுக்கொடி வழியாக உள்ளே போனால், சிசுவின் மூளையைக் கட்டும் இளம் செல்களையே பிடிக்கும். முதல் மூன்று மாதத்தில் வந்தால் சேதம் அதிகம். அமெரிக்கக் கணக்கில் 200 குழந்தைக்கு ஒன்று இதோடு பிறக்கிறது. அப்படிப் பிறப்பதில் ஐந்தில் ஒன்றுக்குக் காது கேளாமை, வளர்ச்சித் தாமதம் என்று ஏதாவது தங்கிவிடும். மற்ற நாலும் நன்றாகவே வளரும், அதையும் சொல்லிவிட வேண்டும்.

என் சித்தி மகளின் பையனுக்குக் காது கேட்காது என்று இரண்டு வயதில்தான் தெரிந்தது. சிஎம்வியாக இருக்கலாம் என்றார் டாக்டர். ஆனால் பிறந்து 21 நாளுக்குள் எச்சிலோ மூத்திரமோ எடுத்துப் பார்த்திருக்க வேண்டுமாம். அதன் பிறகு எடுத்தால் வயிற்றிலேயே வந்ததா, வெளியில் ஒட்டியதா என்று பிரிக்க முடியாது. சொந்தக்காரர்கள் அதற்குள் தீர்ப்பே எழுதிவிட்டார்கள்: 2019 டிசம்பர் கிரகணத்தன்று வெளியே போனாளாம். அந்த ஒரு மதியத்தை நினைத்து இன்னமும் அழுகிறாள்.

வயிற்றுப் பிள்ளையைத் தாக்கும் ருபெல்லாவும் (ஜெர்மன் தட்டம்மை) இப்படித்தான் கண்ணுக்குத் தெரியாமல் கிடந்தது. 1941இல் சிட்னி கண் மருத்துவர் நோர்மன் கிரெக்தான் குழந்தைகளின் கண்புரையையும் கர்ப்பத்தில் தாய்க்கு வந்த ருபெல்லாக் காய்ச்சலையும் முடிச்சுப் போட்டார். பிறகு தடுப்பூசி வந்தது. நம் மலேசியாவில் 1988 முதல் 12 வயதுப் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே போட்டார்கள். நானும் மிஸ்ஸி (நர்ஸ்) முன்னால் கண்ணை இறுக மூடிக் கையை நீட்டியவள்தான். எதற்கென்று ஒருவரும் சொல்லவில்லை. (ருபெல்லாவையும் தடுக்கும் எம்எம்ஆர் ஊசி வேண்டாம் என்கிற வாட்சாப் டாக்டர்களோடு இன்னொரு நாள் சண்டை.)

சிஎம்விக்கு ஊசி இன்னும் இல்லை. பெம்பர்ஸ் மாற்றினால் சோப்புப் போட்டுக் கை கழுவு, முத்தத்தை உதட்டில் கொடுக்காமல் நெற்றியில் கொடு, அவன் மிச்சம் வைத்ததைத் தின்னாதே என்றேன் தங்கச்சியிடம்.

"சோத்தைக் குப்பையில கொட்டச் சொல்றியாக்கா?"

கடைசியில் தட்டை மாமியார் பக்கம் தள்ளினோம். "பெத்த பிள்ளை எச்சில் என்னத்தச் செய்யுமாம்" என்று முணுமுணுத்துக்கொண்டே பேரன் மிச்சத்தைத் தின்று முடித்தார்.