விரல் வேறு வரியில் இருந்தது

கொரோனாவில் விட்டுப்போன படிப்பைச் சாயங்காலத்தில் சொல்லித் தர அரசு கொண்டுவந்த இல்லம் தேடிக் கல்வி ஓடிய காலத்தில் எங்கள் தெருவுக்கு நான்தான் தன்னார்வலர். சாயங்காலம் ஐந்து மணிக்கு வீட்டு வராந்தாவில் பதினைந்து பதினாறு பிள்ளைகள் வந்து உட்காருவார்கள். அதில் நாலாம் வகுப்புப் பெண் ஒருத்தி. கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். கரும்பலகையைப் பார்த்து எழுதிய நோட்டில் பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் 'நன்று'. பாடத்தை வாசி என்றேன். மடமடவென்று வாசித்தாள், எனக்கே பெருமையாக இருந்தது. அப்புறம்தான் கவனித்தேன், வாய் மூன்றாவது வரியைச் சொல்கிறது, விரல் ஐந்தாவது வரியில் நிற்கிறது. அத்தனையும் மனப்பாடம்.

புத்தகத்தை மூடிவிட்டு சிலேட்டில் 'கொடி' என்று எழுதிக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு "கெரடி" என்றாள். துணைக்காலை 'ர' என்று நினைத்திருக்கிறாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை, இரண்டும் பார்க்க ஏறக்குறைய ஒன்றுதான். முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால், நடுவில் க, மூன்றும் சேர்ந்து ஒரே ஓசை என்பது அவளுக்குப் பிடிபடப் பத்து நாள் ஆயிற்று. தினம் கால் மணி நேரம், அவளோடு மட்டும். (அந்தக் கால் மணி நேரத்தில் மற்றவர்கள் எங்கள் கொய்யா மரத்தை மொட்டையடித்தது தனிக் கதை.)

அவளுடைய டீச்சரை நான் குறை சொல்ல மாட்டேன். கல்வி உரிமைச் சட்டத்தின்படி 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். வகுப்போ ஐந்து. அந்த இரண்டு பேரில் ஒருவர் தலைமை ஆசிரியர். கூட்டம், பயிற்சி, எமிஸ் என்ற இணையதளத்தில் பள்ளி விவரப் பதிவு என்று அவர் பாதி நாள் அலைந்தால், மிச்சமிருப்பவர் ஐந்து வகுப்பையும் ஒன்றாக உட்கார வைத்து சத்தம் வராமல் பார்த்துக்கொண்டாலே பெரிய காரியம். ஒரு பிள்ளைக்கென்று கால் மணி நேரத்துக்கு எங்கே போவார்?

பின்தங்கிய பிள்ளைக்கு விட்டுப்போனதைத் தனியாகச் சொல்லித் தருவதற்கு 'குறைதீர் கற்பித்தல்' என்று பெயர். அந்தச் சொல் நம் பள்ளிப் பதிவேடுகளில் ரொம்ப காலமாக இருக்கிறது. மெல்லக் கற்போர் பட்டியலும் இருக்கிறது. அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு வேலை செய்ய ஆள்தான் இல்லை. 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்தது எனக்குப் பிடித்த விஷயம். ஆனால் மூன்று நிலைக்கும் அதே ஒரு டீச்சர்தான்.

தனி ஆள் போட்டால் பலன் உண்டா என்று கேட்பவர்களுக்கு: 2001 முதல் 2003 வரை மும்பையிலும் வதோதராவிலும் பின்தங்கிய மூன்றாம், நாலாம் வகுப்புப் பிள்ளைகளைத் தினம் இரண்டு மணி நேரம் தனியாக அழைத்துப் பாடம் சொல்ல, உள்ளூர்ப் பெண்களை நியமித்துப் பார்த்தார்கள். 'பால்சகி' என்று பெயர். ஆய்வு செய்தவர்களில் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் இருந்தார்கள், 2019-இல் பொருளாதார நோபல் வாங்கிய அதே இருவர். பிள்ளைகள் நன்றாகவே தேறினார்கள். ஆனால் திட்டம் முடிந்து ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது அந்த ஏற்றத்தில் பெரும்பகுதி கரைந்திருந்தது. நம் ஊரிலும், கொரோனாவில் விட்டுப்போன படிப்பில் மீண்டு வந்ததில் ஏறக்குறைய கால் பங்கு இல்லம் தேடிக் கல்வியால் வந்தது என்று கிராமப்புறத் தமிழ்நாட்டில் நடந்த ஒரு பெரிய ஆய்வு சொன்னது.

இதிலிருந்து, தன்னார்வலருக்கு மாதம் கொடுத்த ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகையே போதும் என்ற முடிவுக்கு வந்துவிடுகிறோமே, அங்கேதான் எனக்குக் கோபம். பக்கத்துத் தெருத் தன்னார்வலர் என்னைவிட நன்றாகச் சொல்லிக் கொடுப்பவர். ஜவுளிக்கடையில் வேலை கிடைத்ததும் போய்விட்டார். போகாமல் என்ன செய்வார்? தற்காலிகம் என்று ஆரம்பித்தால் அது எங்கே போய் நிற்கும் என்பதற்கு, 2012-இல் 5,000 ரூபாய்ச் சம்பளத்தில் எடுத்த பகுதிநேர ஆசிரியர்களே சாட்சி. பணி நிரந்தரம் கேட்டு எத்தனை வருடம் போராடுகிறார்கள்!

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் மூன்று நான்கு சிறு பள்ளிகளுக்குச் சேர்த்து ஒரு குறைதீர் ஆசிரியர். முழுச் சம்பளம், நிரந்தரப் பணியிடம். காலையில் ஒரு பள்ளி, மதியம் ஒரு பள்ளி. இரண்டாம் வகுப்பிலிருந்து நாலாம் வகுப்பு வரை, எழுத்துக்கூட்டத் திணறும் பிள்ளைகள் மட்டும். வாசிக்க வந்ததும் பிள்ளை தன் வகுப்புக்குத் திரும்பிவிட வேண்டும், இல்லாவிட்டால் 'மக்கு கிளாஸ்' என்று பெயர் ஒட்டிக்கொள்ளும். இன்னொன்று, அவரை லீவு போட்டவர் வகுப்பைப் பார்க்க அனுப்பக் கூடாது என்று அரசாணையிலேயே எழுதிவிட வேண்டும். எழுதாவிட்டால் முதல் வாரமே அதுதான் நடக்கும்.

2025-இல் ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை 'திறன்' என்று ஒரு திட்டம் வந்தது. விட்டுப்போன தமிழ், ஆங்கிலம், கணக்கு அடிப்படைகளைச் சொல்லித் தர. நல்லதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பன்னிரண்டு வயதில் பிள்ளைக்கு வெட்கம் வந்துவிடுகிறது. என் வராந்தாவில் "கெரடி" என்று சத்தமாகச் சொன்னவள், ஏழாம் வகுப்பில் வாயே திறந்திருக்க மாட்டாள்.

அவள் தம்பி இப்போது மூன்றாம் வகுப்பு. போன வாரம் கடைக்குப் போகிற வழியில் அவன் நோட்டை வாங்கிப் புரட்டினேன். கையெழுத்து அச்சு மாதிரி இருக்கிறது.